ஒரே கிளாக்கில் இரண்டு பேர்

எங்கள் அண்ணனூர்ப் பக்கம் வேலை என்றால் அது கண்ணுக்குத் தெரியவேண்டும். ஸ்டேஷனை ஒட்டி மின்சார ரயில் கார் ஷெட். ஒரு ஸ்டேஷன் தள்ளி ஆவடியில் டாங்கி ஃபாக்டரி, ராணுவ உடுப்பு ஃபாக்டரி. இந்தப் பக்கம் திருமுல்லைவாயில் தாண்டினால் அம்பத்தூர் எஸ்டேட். லேத்தோ பிரஸ்ஸோ மோல்டிங்கோ, கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இருக்கும். நான் ‘சிப் டிசைனில் இருக்கிறேன்’ என்று சொன்னால், சிம் கார்டா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட அதுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஏனென்றால் அடுத்த கேள்வி வந்தால் இன்னும் சங்கடம். நான் சிப்பை டிசைன் செய்வதுகூட இல்லை.

சிப் இன்னபடி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் ஆவணம் ஒன்று உண்டு. ஸ்பெக் என்போம். மனிதர்கள் மட்டும் படிக்கக்கூடிய அந்த ஆவணத்தை ஸ்கிரிப்டும் படிக்கிற மாதிரி ஆக்கி, அதிலிருந்து நிரல், டெஸ்ட், டேட்டாஷீட் எல்லாம் தானாக வரும்படி செய்வதுதான் என் பிழைப்பு. வேலை விளம்பரங்களில் இப்போது ‘சீனியர் இன்ஜினியர், ஸ்பெக் ஆட்டோமேஷன்’ என்கிற மாதிரிப் பெயர்களில் வருகிறது. கீழே பைத்தான், யாமல், ‘எல்எல்எம் அனுபவம் இருந்தால் நல்லது’ என்று ஒரு பட்டியல். பட்டியலைப் பார்த்தால் ஸ்கிரிப்ட் எழுதும் வேலை என்று தோன்றும். சம்பளத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நடுவில் என்ன இருக்கிறது என்று எழுதலாமே என்றுதான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ரிஜிஸ்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிப்புக்குள் டைமர், யூஆர்ட், டிஎம்ஏ என்று எந்த உறுப்பை எடுத்தாலும், சாஃப்ட்வேர் அதனோடு பேசுவதற்குச் சில முகவரிகள் இருக்கும். இந்த முகவரியில் இந்த பிட்டை 1 ஆக்கினால் டைமர் ஓடும். அந்த பிட்டைப் படித்தால் வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியும். நடுத்தர அளவு சிப்பிலேயே இப்படி ரிஜிஸ்டர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால் ஒரே ரிஜிஸ்டரைப் பல பேர் எழுதுகிறார்கள். ஆர்க்கிடெக்ட் அதை வேர்டிலோ எக்செல்லிலோ எழுதுகிறார். டிசைனர் வெரிலாக்கில் எழுதுகிறார். வெரிஃபிகேஷன்காரர் யுவிஎம் மாடலில். ஃபர்ம்வேர்காரர் சி ஹெடர் ஃபைலில். டேட்டாஷீட் எழுதுபவர் அழகான அட்டவணையில். ஐந்து பேர், ஐந்து பிரதி. ஆர்க்கிடெக்ட் ஒரு பிட்டை இடம் மாற்றினால் அது நாலு பேருக்கும் போய்ச் சேரவேண்டும். மெயில் போட்டிருப்பார். அந்த மெயில் எந்த எக்செல் பதிப்பைச் சொல்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

சாஃப்ட்வேர் மாதிரி ‘அப்புறம் ஒரு அப்டேட் விட்டுக்கலாம்’ என்பதற்கு இங்கே வழியில்லை. டிசைனை ஆலைக்கு அனுப்பி (டேப்-அவுட் என்போம்) மாஸ்க் செய்துவிட்டால் கதை முடிந்தது. 1994இல் இன்டெலின் பெண்டியம் சிப் சில எண்களை வகுக்கும்போது தப்பாக விடை தந்தது. வர்ஜீனியாவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். வகுத்தலுக்கான அட்டவணை ஒன்றில் நிரப்பியிருக்க வேண்டிய சில கட்டங்கள் காலியாகக் கிடந்தன. இன்டெல் அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

ஐந்து பிரதி வியாதிக்கு மருந்து ரொம்ப நாளாகவே கிடைக்கிறது. சிஸ்கோவில் தொடங்கி இப்போது அக்செலெரா அமைப்பிடம் இருக்கும் ‘சிஸ்டம்ஆர்டிஎல்’ என்ற மொழி ஒன்று, அதன் 2.0 பதிப்பு 2018இல் வந்தது. ‘ஐபி-எக்ஸாக்ட்’ என்ற எக்ஸ்எம்எல் வடிவம் இன்னொன்று. அது ஐட்ரிபிள்இ 1685 என்ற எண்ணோடு முறையான தரமாகவே இருக்கிறது. ரிஜிஸ்டரை ஒரே ஒரு கோப்பில் எழுதினால் போதும். வெரிலாக், யுவிஎம், ஹெடர், டேட்டாஷீட் எல்லாவற்றையும் கருவி அச்சடித்துக் கொடுத்துவிடும். இதுவரை கதை சுலபம். ஸ்கிரிப்ட் வேலைதானே என்பவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

நான் ஒரே ஒரு பிட்டை எடுத்துக்கொள்கிறேன். இன்டரப்ட் ஸ்டேட்டஸ் பிட்: ‘ஏதோ நடந்திருக்கிறது, கவனி’ என்று ஹார்டுவேர் சாஃப்ட்வேருக்குக் காட்டும் கொடி. ஸ்பெக்கில் அதைப் பற்றி இப்படி ஒரு வரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: பாக்கெட் வந்ததும் ஹார்டுவேர் இதை 1 ஆக்கும்; சாஃப்ட்வேர் இதில் 1 எழுதினால் பிட் அழியும். படித்தால் சந்தேகமே வராது. எத்தனை ரிவ்யூ வைத்தாலும் பத்து பேரும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

சாஃப்ட்வேர் பழைய பாக்கெட்டைக் கவனித்து முடித்து பிட்டை அழிக்கிறது. சரியாக அதே கிளாக்கில், அதாவது சிப்பின் அதே ஒரு துடிப்பில், புதுப் பாக்கெட் ஒன்று வந்து, ஹார்டுவேர் பிட்டை ஏற்றுகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்துவிட்டார்கள். யார் ஜெயிப்பது?

சாஃப்ட்வேர் ஜெயித்தால் பிட் 0 ஆகிவிடும். புதுப் பாக்கெட் வந்த சேதி ஒரே ஒரு கிளாக் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சிக்னலாக இருந்தால், வந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஹார்டுவேர் ஜெயித்தால் பிட் 1 ஆகவே நிற்கும், சாஃப்ட்வேர் திரும்பி வந்து பார்க்கும். மிஞ்சிப்போனால் ஒருமுறை வீணாக வந்துபோகும், நஷ்டமில்லை. ஆகவே பெரும்பாலான இடங்களில் ஹார்டுவேர் ஜெயிப்பதுதான் வேண்டும். ஆனால் ஸ்பெக்கில் அந்த வரி இல்லையே. டிசைனர் தன் பழக்கப்படி எழுதியிருப்பார். இஃப்-எல்ஸில் எது முதலில் வந்ததோ அது. வெரிஃபிகேஷன்காரர் தன் பழக்கப்படி எழுதியிருப்பார். இரண்டும் ஒரே கிளாக்கில் மோதுவது சிமுலேஷனில் அபூர்வம் என்பதால் டெஸ்ட் எல்லாம் பாஸ். போர்டு கஸ்டமர் கைக்குப் போன பிறகு எப்போதாவது ஒருமுறை நெட்வொர்க் அப்படியே நிற்கும். ரீசெட் செய்தால் சரியாகிவிடும். லேபுக்குக் கொண்டுவந்தால் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடும். இந்த ரக நோயைத் தேடி முடி நரைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சிஸ்டம்ஆர்டிஎல்லை உருவாக்கியவர்கள் விவரமானவர்கள். இதற்கென்றே ‘பிரிசிடன்ஸ்’ என்று ஒரு பண்பு வைத்திருக்கிறார்கள். மோதினால் ஹார்டுவேருக்கா சாஃப்ட்வேருக்கா என்று எழுதிவிடலாம். எழுதாமல் விட்டால்? டீஃபால்ட்டாக சாஃப்ட்வேர் ஜெயிக்கும். நாம் எதற்குப் பயந்தோமோ, அந்தப் பக்கம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஆட்டோமேஷன் வருவதற்கு முன் டிசைனர் தன்னையறியாமல் எடுத்த முடிவை இப்போது கருவி எடுத்திருக்கிறது. அதையும் ஐந்து பிரதிகளிலும் ஒரே மாதிரியாக. முன்பு டிசைனரும் வெரிஃபிகேஷன்காரரும் வேறு வேறாக நினைத்திருந்தால், என்றைக்காவது ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகி அந்த முரண்பாடே காட்டிக்கொடுக்கும். இப்போது அதற்கும் வழியில்லை. ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், ஐந்தும் தப்பு.

அதனால் நான் ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன். ஸ்பெக் கோப்பில் இன்டரப்ட் பிட்டுக்கு பிரிசிடன்ஸ் எழுதவில்லை என்றால் எங்கள் கருவி டீஃபால்ட்டை எடுத்துக்கொள்ளாது, பில்டை நிறுத்திவிடும். யார் ஜெயிப்பது என்று எழுதினால்தான் மேலே நகரும். ரிலீஸ் நெருங்கும் வாரத்தில் இதற்காக நான் வாங்கும் வசவு கொஞ்சமில்லை.

எங்கள் தெருவில் டாங்கி ஃபாக்டரியில் ட்ராயிங் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆன சார் ஒருவர் இருக்கிறார். 1965இல் அங்கே முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனி டிசைன். அப்படி வெளியூர் ட்ராயிங்கை வைத்துக்கொண்டு உள்ளூரில் பொருள் செய்து பழகிய இடம் என்பதால், காகிதத்தில் என்ன இருக்கிறது என்ன இல்லை என்பதில் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தனிக் கண் உண்டு. அவரிடம் ஒருநாள் கேட்டேன்.

“ட்ராயிங்ல ஒரு அளவுக்கு டாலரன்ஸ் போடாம விட்டுட்டா என்ன பண்ணுவீங்க சார்?”

“கீழ ஜெனரல் டாலரன்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும் தம்பி. போடாததுக்கெல்லாம் அதான்.”

“அது அந்த எடத்துக்கு ஒத்து வரலன்னா?”

“அப்ப ட்ராயிங் ஆபீஸுக்குத்தான் ஆள் அனுப்பணும். ஃப்ளோர்ல நின்னு நாலு பேர் பேசி முடிச்சிக்கக் கூடாது. பேசி முடிச்சா அது அந்த ஷிஃப்டோட போச்சு.”

எங்கள் தொழிலில் நடப்பதில் பெரும்பகுதி ஃப்ளோரில் நின்று பேசி முடித்துக்கொள்வதுதான். ஃப்ளோருக்குப் பதில் சாட் விண்டோ.

ஸ்பெக்கில் எழுதாமல் விட்ட முடிவுகள் என்ற இந்தச் சிக்கலை நம்மூரில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் என்றால் ஐஐடி மெட்ராஸின் சக்தி குழுவைச் சொல்லவேண்டும். 2014இல் பேராசிரியர் காமகோடி தலைமையில் தொடங்கிய பிராசஸர் திட்டம் அது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் பிறந்த ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, சொந்தமாக பிராசஸர் செய்தார்கள். 2018இல் இரண்டு சிப்கள்: ஒன்று இன்டெலின் ஆரிகன் ஃபேபில் 22 நானோமீட்டரில், இன்னொன்று சண்டிகரில் எஸ்சிஎல் ஃபேபில் 180 நானோமீட்டரில். 2020இல் மௌஷிக். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து ஐரிஸ். பேப்பரில் இதெல்லாம் ‘சுதேசி சிப்’ என்று தலைப்பாக வந்தது, சந்தோஷம். நான் சொல்லவந்தது தலைப்பில் வராத பகுதி.

சக்தியை அவர்கள் வெரிலாக்கில் நேரடியாக எழுதவில்லை. ப்ளூஸ்பெக் என்ற மொழியில் எழுதினார்கள். எம்ஐடி பேராசிரியர் அர்விந்தின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது அது. கம்பைலர் 2020இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அதில் ஹார்டுவேரின் நடத்தையை விதிகளாக எழுதவேண்டும்: இந்த நிலை இருந்தால் இதைச் செய். ஒரே கிளாக்கில் இரண்டு விதிகள் மோதி, எதற்கு முன்னுரிமை என்று நாம் சொல்லாமல் விட்டால், கம்பைலர் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். ஆனால் சும்மா இருக்காது. இந்த விதியை அந்த விதியைவிட அவசரமானதாக எடுத்துக்கொண்டேன் என்று எச்சரிக்கை போடும். சத்தமில்லாமல் முடிவெடுக்கும் கருவிக்கும், முடிவெடுத்துவிட்டு நம்மிடம் வந்து சொல்லும் கருவிக்கும் எவ்வளவு வித்தியாசம்! புதிதாக வருபவர்கள் இந்த எச்சரிக்கைகளை ஸ்க்ரோல் செய்து கடந்துவிடுவார்கள், அது வேறு கதை.

அடுத்தது இன்னும் சுவாரசியம். ரிஸ்க்-வி மேனுவலில் சில இடங்களில் ‘வார்ல்’ என்று ஒரு முத்திரை இருக்கும். ரைட் எனி, ரீட் லீகல். அதாவது சாஃப்ட்வேர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். திரும்பப் படிக்கும்போது மட்டும் அனுமதிக்கப்பட்ட மதிப்புதான் வரவேண்டும். உதாரணம் எம்டிவெக் ரிஜிஸ்டர், முகவரி ஹெக்ஸில் 305. ஏதாவது டிராப் (பிழையோ இன்டரப்டோ வந்து ஓட்டம் தடைபடுவது) நேர்ந்தால் பிராசஸர் எங்கே தாவவேண்டும் என்று சொல்வது. அதன் கடைசி இரண்டு பிட் ‘மோட்’. 0 என்றால் எல்லா டிராப்பும் ஒரே இடத்துக்கு. 1 என்றால் ஒவ்வொரு இன்டரப்டும் தன் எண்ணுக்கு ஏற்ற இடத்துக்கு. 2, 3 இரண்டும் பிற்காலத்துக்கு என்று ஒதுக்கிவைத்தவை.

சாஃப்ட்வேர் போய் அங்கே 3 எழுதினால் என்ன வரும்? மேனுவல் சொல்வது: பிழை எழுப்பக் கூடாது, படித்தால் செல்லுபடியாகும் மதிப்பு ஒன்று வரவேண்டும், குருட்டாம்போக்கில் மாறாமல் அது ஒரு ஒழுங்குக்கு உட்பட்டிருக்க வேண்டும். எந்த மதிப்பு என்பது செய்பவர் பாடு. ஒருவர் பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளலாம், இன்னொருவர் 0 ஆக்கலாம். இரண்டு சிப்பும் சரி, விடை வேறு வேறு. அப்படியானால் டெஸ்ட் எழுதுபவர் எதைச் சரி என்று வைத்துச் சோதிப்பார்?

இதற்குப் பதில் சென்னையிலிருந்து போனது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சக்தி குழுவிலிருந்து வந்தவர்கள் இங்கே தொடங்கிய இன்கோர் செமிகண்டக்டர்ஸும் ஐஐடி குழுவும் சேர்ந்து ‘ரிஸ்க்வி-கான்ஃபிக்’ என்ற கருவியைச் செய்தார்கள். உன் பிராசஸரில் எந்தெந்த நீட்டிப்புகள் உண்டு, ஒவ்வொரு ரிஜிஸ்டரிலும் எந்தெந்த மதிப்பு செல்லும், செல்லாததை எழுதினால் என்ன செய்வாய், எல்லாவற்றையும் யாமல் கோப்பில் எழுது என்று கேட்கும். எழுதியதில் முரண் இருந்தால் திருப்பி அனுப்பும். அதே கோப்பை வைத்துக்கொண்டு ‘ரிஸ்கோஃப்’ என்ற இன்னொரு கருவி உனக்குப் பொருந்தும் டெஸ்ட்களை மட்டும் பொறுக்கி, உன் பிராசஸரிலும் ஒரு முன்மாதிரி மாடலிலும் ஓட்டி, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிடும். அதே கோப்பிலிருந்து ரிஜிஸ்டர் பகுதியின் ப்ளூஸ்பெக் நிரலையே எழுதித்தரும் ‘சிஎஸ்ஆர்-பாக்ஸ்’ என்ற கருவியும் இன்கோரிலிருந்து வந்தது. ரிஸ்க்வி-கான்ஃபிக்கும் ரிஸ்கோஃபும் ரிஸ்க்-வி உலகம் முழுக்கப் பயன்படுத்திய கருவிகள். நிரலைத் திறந்து பார்த்தால் பைத்தான்தான், மந்திரம் ஒன்றும் இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தது, அதுதான் அங்கே சரக்கு.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ஸ்பெக் பிடிஎஃப்பை ஏஐயிடம் கொடுத்தால் இதையெல்லாம் அதுவே செய்துவிடாதா? பாதி செய்கிறது, ஒளிக்க வேண்டியதில்லை. எண்ணூறு பக்கத்தில் சிதறிக் கிடக்கும் அட்டவணைகளை இழுத்து ஒழுங்காக அடுக்கித் தருவதில் இப்போதைய மாடல்கள் கெட்டிக்காரர்கள். ஒரு மனிதனுக்கு வாழ்க்கை வெறுத்துப்போகும் வேலை அது, போகட்டும். 2023இல் என்விடியா தன் சிப் இன்ஜினியர்களுக்காக ‘சிப்நெமோ’ என்ற மாடலைப் பழக்கியது. எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? கேள்விகளுக்குப் பதில் சொல்ல, டிசைன் கருவிகளுக்கான ஸ்கிரிப்ட் எழுத, பிழை அறிக்கைகளைச் சுருக்கித் தர. சிப்பை டிசைன் செய்ய அல்ல. விவரம் தெரிந்தவர்கள் எங்கே கோடு போட்டார்கள் என்பது அதில் தெரிகிறது.

என் பயம் அந்த இன்டரப்ட் பிட்டில் இருக்கிறது. ஸ்பெக்கில் இல்லாத வரியை ஏஐயிடம் கேட்டால் ‘இல்லை’ என்று அது சுலபத்தில் சொல்வதில்லை. மற்ற சிப்களில் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படி நிரப்பிவிடும். நிரப்பியது நியாயமாகவே இருக்கும், அதனால்தான் ரிவ்யூவில் யாரும் கேட்கமாட்டார்கள். மொழியின் டீஃபால்ட்டாவது மேனுவலில் எழுதி வைத்திருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இந்த டீஃபால்ட் எங்கும் எழுதப்படவில்லை. எனவே நான் ஏஐயிடம் பதில் கேட்பதைக் குறைத்துவிட்டேன். இந்தப் பத்தியை வைத்துக்கொண்டு நிரல் எழுத உட்கார்ந்தால் எங்கெல்லாம் நீயாக முடிவெடுக்க வேண்டியிருக்கும், பட்டியல் போடு என்று கேட்கிறேன். அதற்கு அருமையாகப் பதில் சொல்கிறது.

பட்டியல் வந்த பிறகுதான் ‘சீனியர்’ என்ற வார்த்தைக்கு வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் சொந்தக்காரர் யார் என்று கண்டுபிடிக்கவேண்டும். ஆர்க்கிடெக்டைக் கேட்டால் அது டிசைனர் இஷ்டம் என்பார். டிசைனரைக் கேட்டால் ஸ்பெக்கில் இல்லையே என்பார். ஃபர்ம்வேர்காரரை மீட்டிங்குக்கே கூப்பிட்டிருக்கமாட்டார்கள். கடைசியில் அவஸ்தைப்படப்போவது அவர்தான். மூன்று பேரையும் உட்காரவைத்து, பதிலை வாங்கி, யார் சொன்னது என்ற பெயரோடு கோப்பில் ஏற்றவேண்டும். பைத்தான் இரண்டு மாதத்தில் வந்துவிடும். இதற்கு டிசைனிலோ வெரிஃபிகேஷனிலோ சில வருஷம் அடிபட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கேள்வி கேட்கும்போது எதிரில் இருப்பவர் மதிக்கமாட்டார். எல்லாருக்கும் ஒத்துவரும் வேலையுமில்லை. ஒரு பில்டை நிறுத்திவிட்டு, இருபது பேர் முறைக்க, பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரியவேண்டும்.

மேனேஜ்மென்டுக்கு இதை விளக்குவது தனிக் கலை. ஆட்டோமேஷன் என்றதும் எத்தனை மணிநேரம் மிச்சம் என்று கேட்பார்கள். உண்மையில் ஆரம்பத்தில் தீராத கேள்விகளின் எண்ணிக்கை கூடும். பழைய முறையில் அதே கேள்விகள் இருந்தன, ஆனால் எண்ணப்படவில்லை. டாஷ்போர்டில் சிவப்பு கூடினால் உன் கருவி வந்துதான் ப்ராஜெக்ட் தாமதம் என்று சொல்ல ஆள் இருப்பார். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வேலை கிடைக்குமா என்றால், சென்னையில் முன்பைவிட வாய்ப்பு இருக்கிறது. 2024இல் குவால்காம் தரமணியில் டிசைன் சென்டர் திறந்தது. அதே வருஷம் ஐஐடியில் வளர்ந்த மைண்ட்குரோவ், சக்தியை அடிப்படையாக வைத்து 28 நானோமீட்டரில் தன் சிப்பைக் கொண்டுவந்தது. 2025 பட்ஜெட்டில் மாநில அரசு செமிகண்டக்டர் மிஷனுக்கு 500 கோடி ரூபாய் என்று அறிவித்தது. எல்லாம் தரமணி, கிண்டி பக்கமே நடக்கிறது. அண்ணனூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடிக்கிற எங்களுக்கு, 2024 நவம்பரில் திறந்த பட்டாபிராம் டைடல் பார்க்கில் ஒரு சிப் கம்பெனியாவது வந்து உட்காராதா என்று ஒரு நப்பாசை.

இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. ரிஸ்க்வி-கான்ஃபிக் ஓப்பன் சோர்ஸ்தான். இறக்கிக்கொண்டு, எம்டிவெக்குக்கான பகுதியை மட்டும் நீங்களாக எழுதிப் பாருங்கள். மோடில் 3 எழுதினால் என்ன வரவேண்டும் என்று முடிவுசெய்து, காரணத்தையும் ஒரு வரி போடுங்கள். கூடப் படிக்கும் ஒருவரை, உங்களுடையதைப் பார்க்காமல், தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் எனக்கு எழுதுங்கள், அதிசயம் என்று பதிவிலேயே போடுகிறேன். வேறு வேறாக வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றாக்குங்கள். அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது, பேச்சு எந்த இடத்தில் சூடானது என்று மட்டும் குறித்துவையுங்கள்.